காம்பர் ட்ரெயிலரில் தண்ணீர்: தாங்கியும் குழாயும் பம்பும்



சென்ற மாத உரையில் காம்பர் ட்ரெயிலர் வாங்கும்போது பார்க்க வேண்டிய விடயங்களைச் சொல்லிக்கொண்டு போகையில், தண்ணீர் ஒழுங்கைப் பற்றி இன்னொரு நாள் பேசுகிறேன் என்று கடந்துவிட்டேன். நிலையத்துக்கு எடுத்த நேயர்களில் அநேகமானோர் கேட்டது அதைப் பற்றித்தான். தாங்கி எத்தனை லீற்றர் வேண்டும், எங்கே பூட்டுவது, பம்ப் வேண்டுமா, அந்தத் தண்ணீரைப் பிள்ளைகள் குடிக்கலாமா என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். ஒரு சகோதரி, "அண்ணை, அதைச் சொல்லாமல் மிச்சத்தைச் சொல்லி என்ன பிரயோசனம்?" என்று நேரடியாகவே கேட்டுவிட்டார். அவர் கேட்டது நியாயம். வானொலியில் சொன்னதைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன். நான் குழாய் வேலை படித்தவன் அல்ல. பழைய ட்ரெயிலர் ஒன்றை வாங்கி, ஒருமுறை பிழையாகப் பூட்டி, பிறகு கழற்றித் திரும்பப் பூட்டியவன். அந்தப் பிழையையும் சொல்லத்தான் வேண்டும்.

முதலில் கணக்கு. குடிக்கவும் சமைக்கவும் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோப்பை கழுவுதல், முகம் கழுவுதல் எல்லாம் சேர்ந்தால் 10 லீற்றர். எங்கள் ஆட்கள் அரிசியை மூன்று தண்ணீரில் கழுவாமல் உலையில் போட மாட்டார்கள் என்பதையும் கணக்கில் சேருங்கள். நாங்கள் ஐந்து பேர். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் மூன்று நாளைக்கு 75 லீற்றர். அதனால் 80 லீற்றர் தாங்கி எங்களுக்குப் போதும் என்று முடிவு செய்தேன். குளிப்பும் வேண்டுமென்றால் தண்ணீர்க் குழாய் உள்ள கரவன் பார்க்குகளுக்குப் போவதே நல்லது.

பெரிய தாங்கியாகப் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. 80 லீற்றர் என்றால் 80 கிலோ, அதாவது வளர்ந்த ஆள் ஒருவர் ட்ரெயிலரில் ஏறிப் படுத்திருப்பது போல. ஒவ்வொரு ட்ரெயிலரின் தகட்டிலும் அது ஏற்றக்கூடிய முழு எடை பொறிக்கப்பட்டிருக்கும். ட்ரெயிலரின் வெற்று எடை, கூடாரம், அடுப்பு, காஸ் போத்தல், பற்றரி, சாப்பாட்டுப் பெட்டி எல்லாம் போக மிஞ்சும் இடத்துக்குள்தான் தண்ணீரும் அடங்க வேண்டும். அதோடு அவுஸ்திரேலியாவில் ட்ரெயிலரின் சில்லுகளில் இறங்கும் எடை 750 கிலோவைத் தாண்டினால் அதற்கு பிரேக் இருக்க வேண்டும். பிரேக் இல்லாத சின்ன ட்ரெயிலர் தாங்கியை நிரப்பிய ஒரே காரணத்தால் அந்த எல்லையைக் கடந்துவிடக்கூடும். சாமானை எல்லாம் ஏற்றி, தாங்கியையும் நிரப்பி, ஒருமுறை எடைப் பாலத்தில் ஏற்றிப் பாருங்கள். நான் பார்த்தபோது நினைத்ததைவிட நூறு கிலோ கூடுதலாக இருந்தது. அதில் பாதி என் மனைவியின் சமையல் சாமான் என்பது என் கருத்து. அவருடைய கருத்து வேறு.

அடுத்தது, எங்கே பூட்டுவது. இதில் பிழை விட்டால் ஓட்டும்போது உயிருக்கே ஆபத்து. ட்ரெயிலரின் மூக்கு, காரின் கொளுவியில் ஓரளவு பாரத்தை இறக்க வேண்டும். முழு எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. மூக்கில் பாரம் குறைந்தால், வேகமாகப் போகும்போது ட்ரெயிலர் பாம்பு போல நெளியத் தொடங்கும். ஓர் உதாரணம் சொல்கிறேன். தண்ணீர் இல்லாமல் 720 கிலோ எடையுள்ள ட்ரெயிலர், மூக்கில் 72 கிலோ இறங்குகிறது. அச்சிலிருந்து கொளுவிக்கு 3 மீற்றர். இடம் இருக்கிறதே என்று 80 லீற்றர் தாங்கியை அச்சுக்கு ஒரு மீற்றர் பின்னால் பூட்டினால், அது மூக்கை 27 கிலோ அளவுக்குத் தூக்கும். 72 கிலோ 45 ஆகிவிடும். மொத்த எடை இப்போது 800. பத்திலொரு பங்கு இருந்த இடத்தில் ஆறு வீதம்கூட இல்லை. அதே தாங்கியை அச்சுக்கு அரை மீற்றர் முன்னால் பூட்டினால் மூக்கில் 13 கிலோ கூடி 85 ஆகும். தண்ணீர் முடிய முடிய 72க்கு இறங்கும். இரண்டு நிலையிலும் பாதுகாப்பு. ஆகவே தாங்கியின் இடம் அச்சுக்கு நேர் மேலே, அல்லது சற்று முன்னால். ட்ரெயிலரின் குறுக்காகப் படுக்கும் தாங்கி, இரண்டு சில்லுக்கும் பாரம் சமமாக இறங்கும்படி நடுவில் இருக்க வேண்டும். உள்ளே தடுப்புச் சுவர் வைத்த தாங்கி கிடைத்தால் அதையே வாங்குங்கள். பாதி நிறைந்த தாங்கியில் தண்ணீர் அலைமோதுவது வளைவுகளில் நன்றாகவே தெரியும்.

தாங்கி பெரும்பாலும் பொலித்தீன் பிளாஸ்ரிக்கில் வார்த்தது. துருப்பிடிக்காத உருக்கிலும் உண்டு, ஆனால் விலை கூட. பிளாஸ்ரிக் தாங்கியைச் சட்டத்துக்கு அடியில் தூக்கிப் பூட்டும்போது, அகலமான நாகம் பூசிய இரும்புப் பட்டிகளால் தாங்க வேண்டும். பட்டிக்கும் தாங்கிக்கும் நடுவில் தடித்த றப்பர் பட்டை வையுங்கள். றப்பர் இல்லாவிட்டால் கிறவல் வீதி அதிர்வில் இரும்பு பிளாஸ்ரிக்கை அரத்தால் ராவுவது போல ராவிவிடும். தாங்கிக்கு முன்னும் கீழும் கல்லடி தாங்கும் தகடு கட்டாயம் வேண்டும். அந்தத் தகட்டைப் பற்றி நான் அறிந்துகொண்ட விதம் சந்தோசமானது அல்ல.

2018ஆம் ஆண்டு ஈஸ்ரர் விடுமுறை. விக்ரோறியா மாநிலத்தின் வடமேற்கு மூலையில் மறி சன்செற் தேசியப் பூங்கா இருக்கிறது. அதற்குள்ளே பிங்க் லேக்ஸ் என்ற உப்பு ஏரிகள். மெல்பேர்ணிலிருந்து 500 கிலோமீற்றருக்கும் மேல். முன்பு அங்கே உப்பு அள்ளியிருக்கிறார்கள். அம்மாவிடம் சொன்னபோது, "அப்ப ஆனையிறவு மாதிரியோ?" என்று ஆசையோடு வந்தார். லிங்கா என்ற சிற்றூரில் நெடுஞ்சாலையை விட்டுத் திரும்பி மண் வீதியில் போக வேண்டும். குடிதண்ணீரைக் கொண்டுதான் போக வேண்டிய இடம். அதற்கென்ன, புதிதாகப் பூட்டிய 80 லீற்றர் தாங்கி இருக்கிறதே என்ற தைரியம் எனக்கு.

பின்னேரம் போய்ச் சேர்ந்து கூடாரத்தை விரித்துவிட்டு, தேத்தண்ணிக்குக் கேத்தலை நீட்டினேன். பம்ப் இரைந்தது. தண்ணீர் வரவில்லை. பற்றரி, பியூஸ், ஆளி எல்லாம் பார்த்தேன். பிறகுதான் குனிந்து கீழே பார்த்தேன். தாங்கியின் அடியில், கழுவித் துப்புரவாக்க வசதி என்று நான் பூட்டிய சின்னப் பிளாஸ்ரிக் குழாய், சட்டத்துக்குக் கீழே நான்கு விரற்கடை நீட்டிக்கொண்டிருந்தது. இல்லை, அதன் அடிக்கட்டை மட்டும் இருந்தது. வழியில் கல்லொன்று அடித்து முறித்திருக்கிறது. 80 லீற்றரும் வீதி நீளத்துக்குப் போய்விட்டது. காருக்குள் இருந்தது இரண்டு சின்னப் போத்தலும் அம்மாவின் பிளாஸ்க்கில் அரைவாசிச் சுடுதண்ணீரும். பெரியவர்கள் மூன்று பேர், பிள்ளைகள் இருவர். இருட்டுப்பட்டு வருகிறது. எதிரே ஏரி முழுக்கத் தண்ணீர், ஒரு வாய் வைக்க முடியாது.

"என்னடா தம்பி, தண்ணி முழுக்கப் போட்டுதோ?" என்று அம்மா கேட்டார். நான் பேசவில்லை. "எல்லாத்தையும் ஒண்டுக்கை ஏனடா விட்டனி? நாவற்குழிப் பாலத்திலை நிண்ட இரவு உனக்கு ஞாபகம் இல்லையே?"

ஞாபகம் இருந்தது. 1995 ஒக்ரோபர் 30. வலிகாமம் முழுவதும் ஒரே வீதியில் தென்மராட்சிப் பக்கம் நடந்த இரவு. அம்மா எங்கள் மூவரிடமும் தனித்தனிப் போத்தலில் தண்ணீர் தந்துதான் கூட்டிக்கொண்டு போனார். ஐயாவின் சைக்கிளில் கட்டியிருந்த கான் சனநெரிசலில் எங்கோ விழுந்துவிட்டது. எங்கள் போத்தல்கள் இருந்தன. மழை தூறியபோது அம்மா குடையைக் கவிழ்த்துப் பிடித்து அதில் சேர்ந்ததைக் கடைசித் தங்கச்சிக்குப் பருக்கினார். இதையெல்லாம் அறிந்த நான், 23 வருடம் கழித்து, எல்லாத் தண்ணீரையும் ஒரே தாங்கியில் விட்டு, அதற்குக் கீழே ஒரு பிளாஸ்ரிக் குழாயையும் தொங்கவிட்டுப் போயிருக்கிறேன்.

பக்கத்துக் கூடாரத்து வயதான அவுஸ்திரேலியத் தம்பதி நாங்கள் முழிப்பதைப் பார்த்து, 10 லீற்றர் கான் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். அந்தப் பெரியவர் படுத்திருந்து என் தாங்கியை ரோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "முதல் பயணத்தில் எல்லாருக்கும் நடப்பதுதான்" என்று சொன்னார். அது ஆறுதலுக்குச் சொன்னது என்று நினைக்கிறேன். அடுத்த நாட்காலை அண்டர்பூல் என்ற ஊருக்குப் போய்ப் போத்தல் தண்ணீர் வாங்கி, அவருடைய கானையும் திருப்பிக் கொடுத்தோம். ஒன்றும் நடக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் அது மாசி மாதத்து நாற்பது பாகை வெயிலாக இருந்திருந்தால், கார் பழுதாகியிருந்தால், பக்கத்தில் ஒருவரும் இல்லாதிருந்தால் என்று யோசித்தபடி அன்றிரவு முழுவதும் விழித்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் முழுவதையும் கழற்றினேன். இனிச் சொல்லப்போவது இரண்டாவது முறை பூட்டிய விதம்.

தாங்கியின் அடியில் எதுவும் தொங்கக்கூடாது. கழிவு வாயை அடிப்பகுதியின் பக்கச் சுவரில், பின்பக்கம் பார்த்தபடி, பித்தளைத் திருகு மூடியால் அடைத்தேன். சட்டத்தின் மறைவில் இருப்பதால் முன்சில்லு வீசும் கல் அதில் படாது. தாங்கியின் முன்பக்கத்துக்கும் அடிக்கும் நாகத் தகடு. தகட்டுக்கும் தாங்கிக்கும் இடையில் ஒரு விரல் இடைவெளி விட்டு, தகட்டில் சில துளைகளும் போட்டேன். சேறும் தண்ணீரும் அங்கே தேங்கக்கூடாது என்பதற்காக. புரி உள்ள எல்லா இடத்திலும் வெள்ளை ரெப்லோன் நாடாவைப் புரி சுற்றும் திசையிலேயே சுற்றுங்கள். பித்தளைப் புரியைப் பிளாஸ்ரிக் தாங்கிக்குள் இறுக்கும்போது ஆவேசப்படக்கூடாது. கையால் இறுக்கி, பிறகு சாவியால் ஒன்றரைச் சுற்றுக்கு மேல் போகாதீர்கள். வெடித்தால் தாங்கியே போச்சு.

நிரப்பும் வாய் 38 மில்லிமீற்றர் குழாய், பூட்டுடன் கூடிய மூடி. அதோடு காற்றுக் குழாய். இதைச் சிலர் அலட்சியம் செய்கிறார்கள். தண்ணீர் உள்ளே போனால் காற்று வெளியே வர வேண்டும், தண்ணீர் வெளியே போனால் காற்று உள்ளே வர வேண்டும். காற்றுக் குழாய் இல்லாவிட்டால், அல்லது அது மடிந்து நெரிந்திருந்தால், நிரப்பும்போது தண்ணீர் முகத்தில் பீறிடும். பம்ப் இழுக்கும்போதோ தாங்கி உள்ளொடுங்கும். அந்தக் குழாய் தாங்கியின் மேற்பகுதியிலிருந்து புறப்பட்டு, நிரப்பும் வாயின் உயரத்துக்காவது ஏறி, கீழ்நோக்கி வளைந்து முடிய வேண்டும். முனையில் மெல்லிய வலை கட்டுங்கள். எறும்பும் குளவியும் கூடு கட்ட அதைவிட நல்ல இடம் அவற்றுக்குக் கிடைக்காது.

குழாய்களைப் பற்றி. தண்ணீர் தொடும் எல்லாப் பொருளும் குடிதண்ணீருக்கு உகந்தது என்று அடையாளமிடப்பட்டிருக்க வேண்டும். அவுஸ்திரேலியா, நியூசிலாந்து இரண்டுக்கும் பொதுவான அந்தத் தர இலக்கம் 4020. வீட்டுத் தோட்டத்துப் பச்சைக் குழாயால் தாங்கியை நிரப்பாதீர்கள். அது குடிதண்ணீருக்குச் செய்யப்பட்டது அல்ல, வெயிலில் கிடந்த அதன் வாசனை தாங்கி முழுவதும் ஏறும். கண்ணாடி போன்ற தெளிவான குழாய் அழகாக இருக்கும். ஆனால் வெளிச்சம் பட்டால் உள்ளே பாசி பிடிக்கும்.

உள்ளே ஓடும் குழாய்க்கு 12 மில்லிமீற்றர் அரைவிறைப்புக் குழாயும், தள்ளிப் பூட்டும் இணைப்புகளும் போட்டேன். கரவன் கடைகளில் ஜோன் கெஸ்ட் என்ற பெயரில் கிடைப்பவை. ஒட்டவும் வேண்டாம், கிளிப் முறுக்கவும் வேண்டாம். ஆனால் மூன்று விடயங்களில் கவனம் வேண்டும். குழாயை அதற்குரிய வெட்டியால் நேர்கோணமாக வெட்டுங்கள். குசினிக் கத்தியால் வெட்டினால் சரிந்து நிற்கும், உள்ளிருக்கும் றப்பர் வளையத்தை அது அறுத்துவிடும். குழாயைத் தள்ளும்போது முதலில் ஒரு தடை வரும், அங்கே நிறுத்திவிடாதீர்கள். இன்னும் அழுத்தினால் உள்ளே போய் நிற்கும். பிறகு பின்னால் இழுத்துப் பாருங்கள். மூன்றாவது, இணைப்பிலிருந்து வெளிவரும் குழாய் ஓரிரு அங்குலமாவது நேராக வந்த பிறகுதான் வளைய வேண்டும். வாயிலேயே வளைந்தால் ஒரு பக்கமாக இழுபட்டுச் சொட்டும். என் முதல் ஒழுக்கு அப்படித்தான் வந்தது. நான் இணைப்பைப் பழி சொல்லி மூன்று முறை மாற்றினேன். பிழை வளைவில் இருந்தது.

சட்டத்தின் இரும்பில் குழாய் உரசும் ஒவ்வோர் இடத்திலும் றப்பர் பதித்த கிளிப் போடுங்கள். நெளிதகடு போன்ற மண் வீதியில் நூறு கிலோமீற்றர் போனால் எது எதில் உரசுகிறது என்று தானாகவே தெரியவரும்.

பம்ப் 12 வோல்ற் மின்சாரத்தில் ஓடும் சின்னப் பம்ப். நிமிடத்துக்கு 7 முதல் 11 லீற்றர் வரை தரும். குழாயைத் திறந்தால் அழுத்தம் குறைவதை உணர்ந்து தானாக ஓடும், மூடினால் நிற்கும். பம்புக்கு முன்னால், தாங்கிப் பக்கம், ஒரு வடி கட்டாயம் வையுங்கள். புதுத் தாங்கியில் துளையிட்டபோது விழுந்த பிளாஸ்ரிக் சீவல்கள் எப்படியும் வரும். ஒரு சீவல் பம்பின் வால்வில் சிக்கினால் பம்ப் நிற்காமல் இரையும். பம்பை றப்பர்க் கால்களில் நிறுத்தி, இரண்டு பக்கமும் ஒரு முழம் அளவு மிருதுவான குழாய் வைத்தால் இரைச்சல் பாதியாகக் குறையும். இரவில் பம்பின் ஆளியை நிறுத்திவிட்டுப் படுங்கள். நித்திரையில் எங்காவது ஓர் இணைப்பு கழன்றால், அழுத்தம் குறைந்தது என்று பம்ப் தன் கடமையைச் செய்து முழுத் தாங்கியையும் நிலத்தில் ஊற்றிவிடும்.

வயர் விடயத்தில் இங்கே பலர் ஏமாறுகிறார்கள். வாகன வயருக்கு 4 மில்லிமீற்றர், 6 மில்லிமீற்றர் என்று போட்டிருப்பது உள்ளே இருக்கும் செம்பின் அளவு அல்ல. மேலுறையையும் சேர்த்த விட்டம். 4 என்று எழுதியதில் செம்பு 2 சதுர மில்லிமீற்றருக்கும் குறைவு, 6 என்று எழுதியதில் ஏறத்தாழ நாலரை. பம்ப் 5 அம்பியர் இழுக்கிறது, பற்றரியிலிருந்து 5 மீற்றர் தூரம் என்று வைப்போம். போக 5, வர 5, மொத்தம் 10 மீற்றர் வயர். சின்ன வயரில் கிட்டத்தட்ட அரை வோல்ற் வழியிலேயே தொலைந்துவிடும். பெரியதில் 0.2 வோல்ற். பற்றரி இறங்கிய நேரத்தில் அந்த வித்தியாசம் தெரியும். நான் முதலில் பழைய ஸ்பீக்கர் வயரால் கொடுத்திருந்தேன். பம்ப் விக்கி விக்கி ஓடியது. பியூஸ் பற்றரிக்குக் கிட்டவே இருக்க வேண்டும். எத்தனை அம்பியர் என்பது பம்பின் கையேட்டில் இருக்கும். என்னுடையதற்கு 10.

பற்றரி செத்தால்? அதற்காகத் தாங்கியில் இரண்டாவது வாய் ஒன்று எடுத்து, கையால் இழுக்கும் சின்னப் பம்ப் ஒன்றைக் குசினிப் பலகையில் பூட்டினேன். மின்பம்பின் வழியோடு அதைச் சேர்க்காமல் தனி வழியாக விட்டதால் ஒன்று மற்றதிலிருந்து காற்றை இழுக்காது. பிள்ளைகள் இதைத்தான் விரும்புகிறார்கள். தண்ணீரும் குறைவாகவே செலவாகிறது, கை நோகுமல்லவா.

கரவன் பார்க்கில் நகரக் குழாயை நேரே இணைக்க ஒரு வாயும் வைக்கலாம். ஆனால் அழுத்தம் குறைக்கும் வால்வு இல்லாமல் ஒருபோதும் இணைக்காதீர்கள். நகரக் குழாயின் அழுத்தம் சில இடங்களில் 500 கிலோபாஸ்கலையும் தாண்டும். 350க்கு மட்டுப்படுத்தும் வால்வு கடையில் உண்டு. இப்படி இணைத்திருக்கும்போது தாங்கியின் காற்றுக் குழாயால் தண்ணீர் வழிந்தால் பயப்பட வேண்டாம். பம்புக்குள் இருக்கும் ஒருவழி வால்வு தேய்ந்து, நகரத் தண்ணீர் பின்வழியாகத் தாங்கிக்குள் போகிறது என்று அர்த்தம். தனியாக ஓர் ஒருவழி வால்வு போட்டால் தீரும்.

எல்லாம் பூட்டிய பின் வாசலில் வைத்து முழுவதும் நிரப்பி, கீழே பழைய பத்திரிகைத் தாள்களை விரித்து ஓர் இரவு விடுங்கள். காலையில் தாள் நனைந்த இடம் ஒழுகும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். பிறகு நிரம்பிய தாங்கியோடு பக்கத்தில் எங்காவது ஒரு மண் வீதியில் ஒரு மணித்தியாலம் ஓடிவிட்டு வந்து, திரும்பவும் படுத்துப் பாருங்கள்.

இனி, பிள்ளைகள் குடிக்கலாமா என்ற கேள்வி. துப்புரவாக்கிய தாங்கியில், நல்ல குழாய்த் தண்ணீரை நிரப்பினால் குடிக்கலாம். துப்புரவாக்கும் முறை இது. வாசனையோ சவர்க்காரமோ சேராத வெறும் வெளுக்கும் திரவம், போத்தலில் சோடியம் ஹைப்போகுளோரைற் 4 வீதம் என்று போட்டிருப்பது, 80 லீற்றர் தாங்கிக்கு 100 மில்லிலீற்றர் போதும். ஒரு வாளித் தண்ணீரில் கலந்து ஊற்றி, தாங்கியை நிரப்பி, ஒவ்வொரு குழாயையும் குளோரின் மணம் வரும்வரை திறந்து மூடுங்கள். இரவு முழுவதும் விட்டு, காலையில் எல்லாவற்றையும் வெளியேற்றி, மணம் போகும்வரை இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரால் அலசுங்கள். துருப்பிடிக்காத உருக்குத் தாங்கி என்றால் குளோரினை அதில் நெடுநேரம் நிற்கவிடக்கூடாது, செய்தவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். புதுத் தாங்கியின் பிளாஸ்ரிக் சுவைக்கு அப்பச்சோடாவைக் கரைத்து ஊற்றி ஒரு நாள் ஓட்டி அலசினால் குறையும். உப்புப் படிவு போகச் சிலர் வினாகிரி ஊற்றுவார்கள். அதையும் வெளுக்கும் திரவத்தையும் ஒருநாளும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு வரும். ஒன்றைச் செய்தால் நன்றாக அலசி முடித்த பிறகு இன்னொரு நாள் மற்றது. ஆற்றுத் தண்ணீரையோ, குடிக்கலாம் என்று எழுதாத குழாய்த் தண்ணீரையோ தாங்கிக்குள் விடாதீர்கள். கைக்குழந்தைக்குப் பால் கரைக்கவும் வருத்தக்காரருக்கும் நான் இன்னமும் கொதித்து ஆறிய தண்ணீரைத் தனிப் போத்தலில்தான் கொண்டு போகிறேன்.

தாங்கியில் 80 லீற்றர் இருந்தாலும், 10 லீற்றர் கான் இரண்டு காருக்குள் தனியே வரும். ஒன்று பின்பெட்டியில். மற்றதை அம்மா தானே நிரப்பித் தன் காலடியில் வைத்துக்கொள்வார், வேறு ஒருவரையும் தொட விடமாட்டார். தாங்கி, கான், கான் என்று மூன்று இடத்தில் தண்ணீர். அந்த 20 கிலோவையும் கார் ஏற்றக்கூடிய எடையில் சேர்த்துக்கொள்ளுங்கள். மண் வீதியில் இறங்கி ஒரு பத்து நிமிடம் ஓடியதும் நிறுத்தி, கீழே ஈரமா என்று குனிந்து பார்ப்பதை இப்போது என் மூத்த மகன் செய்கிறான்.

கழுவிய தண்ணீரை நிலத்தில் ஓடவிடாதீர்கள். தொட்டியின் வாயிலிருந்து ஒரு குழாயை மூடியுள்ள வாளிக்குள் விடுங்கள். கறிச்சட்டியை முதலில் கடதாசியால் துடைத்துவிட்டுக் கழுவினால் வாளி நாறாது. அரிசி கழுவிய தண்ணீர் ஒரே நாளில் புளிக்கும், அதை அன்றன்றே அதற்குரிய இடத்தில் ஊற்றிவிடுங்கள். ஊற்றும் இடம் இல்லாத பூங்காக்களில் ஆறு, ஏரிகளிலிருந்து குறைந்தது 50 மீற்றர் தள்ளித்தான் எதையும் கழுவ வேண்டும். சில பூங்காக்களில் கழிவுத் தண்ணீர் ஒரு துளியும் விடக்கூடாது, முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

பயணம் முடிந்து வந்ததும் தாங்கியை வெறுமையாக்கி, எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டு, பம்பையும் ஒரு நிமிடம் ஓட்டி உள்ளே நிற்கும் தண்ணீரைக் கக்க விடுங்கள். பனி கொட்டும் மலைப் பக்கம் போகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். உறைந்த தண்ணீர் பம்பின் தலையை வெடிக்கச் செய்துவிடும்.

சுடுதண்ணீர் இயந்திரமும் காஸ் அடுப்பும் தாங்களே பூட்டலாமா என்று இரண்டு நேயர்கள் கேட்டிருந்தார்கள். தண்ணீர்க் குழாய் ஒழுகினால் நனைவோம், அவ்வளவுதான். காஸ் அப்படி அல்ல. அதை உரிமம் பெற்ற ஒருவரிடமே கொடுத்து, அவரிடமிருந்து சான்றிதழும் வாங்கிக்கொள்ளுங்கள்.